முதல் பெட்டி 72 பவுண்டு, இரண்டாவது பெட்டி 140: மார்த்தாண்டம் குடும்பம் ஒன்றின் ஒயின் சந்தா – நிகழ்வு ஆய்வு

மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு வீட்டில், டிசம்பர் கடைசி வாரம், ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் நான்கு ஒயின் பாட்டில்கள் படுத்துக் கிடந்தன. மகளும் மருமகனும் இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்ப்பவர்கள். 2025-ஆம் ஆண்டு முழுக்க மூன்று ஆன்லைன் ஒயின் கிளப்புகளில் மாறி மாறிச் சந்தா கட்டி 46 பாட்டில்கள் வாங்கினார்கள். அவற்றில் பிடித்தவற்றிலிருந்து பொறுக்கி எடுத்தவைதான் ஊருக்கு வந்த அந்த நான்கும்.

அவர்கள் தேடியது எளிமையானது: பாட்டில் பத்துப் பவுண்டு பக்கத்தில் இருக்க வேண்டும், வந்த அன்றே திறந்தால் குடிக்கும்படி இருக்க வேண்டும், பல வருஷம் பாதாள அறையில் போட்டுக் காத்திருக்க வேண்டியதாக இருக்கக் கூடாது. மூன்று கிளப்புகளும் இதையேதான் விளம்பரம் செய்தன. கிடைத்தது வேறு வேறு. அவர்கள் எழுதி வைத்த கணக்கு நோட்டு, கிளப்புகளிடமிருந்து வந்த மின்னஞ்சல்கள், லேபிள் படங்கள் ஆகியவற்றைக் கொண்டு இந்த ஆய்வு எழுதப்பட்டது.

ஊர் முகவரிக்கு ஏன் வராது

முதலில் அப்பா கேட்ட கேள்வி: “நம்ம அட்ரஸுக்குப் போட்டா என்ன மக்ளே?” வராது. தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்கும் உரிமை 2003 முதல் டாஸ்மாக்கிடம் மட்டுமே இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு கிடையாது. 2020 மே மாதம், ஊரடங்கின்போது, கடைகளை மூடிவிட்டு ஆன்லைனில் மட்டும் விற்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மேற்கு வங்கம், ஒடிசா போன்ற மாநிலங்களில் வீட்டு விநியோகம் உண்டு. அந்த மாநிலங்களின் நடப்பைப் படித்துவிட்டு நாகர்கோவில் பின்கோடைப் போட்டுப் பார்ப்பதில் பலனில்லை. குமரி மாவட்டத்துக்கே ஒயின் அனுப்புகிறோம் என்று சமூக வலைத்தளத்தில் முன்பணம் கேட்கும் எண் எதுவாக இருந்தாலும் அது ஏமாற்று என்றே கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து பார்சலில் போட்டு அனுப்புவதும் வழியல்ல. 

ஆகவே சந்தா இங்கிலாந்து முகவரியில். ஊருக்கு வருவது விமானப் பெட்டியில்.

மூன்று கிளப், மூன்று வகைக் கணக்கு

ஒயின் கிளப் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் பணம் போகும் வழி வேறு. அது புரியாமல் விலையை ஒப்பிடவே முடியாது.

முதல் வகை, பெட்டிச் சந்தா. 12 பாட்டில் கொண்ட முதல் பெட்டியைப் பாதி விலைக்குத் தருவார்கள். பிறகு குறிப்பிட்ட வாரங்களுக்கு ஒருமுறை, நாம் வேண்டாம் என்று சொல்லாத வரை, அடுத்த பெட்டி முழு விலைக்கு வந்துகொண்டே இருக்கும். பாட்டில்களைத் தேர்ந்தெடுப்பது கிளப்.

இரண்டாம் வகை, சேமிப்புச் சந்தா. மாதம் ஒரு தொகை நம் பெயரில் ஒரு கணக்கில் ஏறும். அது சந்தாக் கட்டணம் அல்ல, நம் பணம்தான். வேண்டும்போது அதைக் கொண்டு நாமே பாட்டிலைத் தேர்ந்தெடுத்து உறுப்பினர் விலைக்கு வாங்கலாம். திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதைச் சேரும் முன்பே நிபந்தனையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை, கூட்டுறவு. ஒருமுறை பங்கு வாங்கினால் ஆயுள் உறுப்பினர். மாதச் சந்தா இல்லை, கட்டாயப் பெட்டி இல்லை. இதில் மூத்தது 1874-இல் லண்டனில் தொடங்கிய தி ஒயின் சொசைட்டி. பங்கு 40 பவுண்டு. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத்தொகை கட்டிப் பழகியவர்களுக்கு இந்த முறையை விளக்கவே தேவையில்லை.

குடும்பத்தின் நோட்டில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் நேரே ஒரு குறி இருந்தது: ‘மறுபடி வாங்கலாம்’, ‘பரவாயில்லை’, ‘வேண்டாம்’. பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று போடுவதைவிட இது நம்பகமானது. ஒரு பாட்டிலுக்கு 7 கொடுத்தவர்கள்கூட அதை மறுபடி வாங்கத் தயங்குவார்கள். இந்தக் குறியில் அந்தத் தயக்கம் வெளியே வந்துவிடும். முதல் நாள் ஒரு முறையும், மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் ஒரு முறையும் சுவைத்த பிறகே குறி போட்டார்கள்.

பெட்டிச் சந்தாவில் முதல் பெட்டி 72 பவுண்டு, அனுப்புக் கட்டணம் இல்லை. பாட்டில் 6 பவுண்டு. இரண்டாவது பெட்டி 132 பவுண்டு, அனுப்புக் கட்டணம் 8, ஆக 140. முதல் பெட்டியில் ‘மறுபடி வாங்கலாம்’ 7. இரண்டாவதில் 5. கெட்டுப்போயிருந்த ஒரு பாட்டிலுக்கு 11 பவுண்டு திரும்ப வந்தது. 201 பவுண்டுக்கு 12 நல்ல பாட்டில்; ஒன்றுக்கு 16.75 பவுண்டு.

சேமிப்புச் சந்தாவில் நான்கு மாதம் 25 பவுண்டு வீதம் 100. அதில் 10 பாட்டில், அனுப்புச் செலவு உட்பட. நல்லவை 7. ஒன்றுக்கு 14.29.

கூட்டுறவில் 12 பாட்டில் 111 பவுண்டு, அனுப்புச் செலவு இல்லை. நல்லவை 9. ஒன்றுக்கு 12.33. பங்குத்தொகை 40-ஐயும் இந்த ஒரே பெட்டியின் தலையில் ஏற்றினால் 16.78 ஆகிவிடும், ஐந்து பெட்டிக்குப் பிரித்தால் 13.22.

6 பவுண்டு பாட்டில் என்று சேர்ந்த இடம்தான் கடைசியில் அதிக விலையாக முடிந்தது. பிடித்த பாட்டிலைக் கொண்டு வகுத்துப் பார்க்காமல் மொத்த பாட்டிலைக் கொண்டு வகுத்தால் இது தெரியாது: 201-ஐ 24-ஆல் வகுத்தால் 8.38 பவுண்டுதானே என்று தோன்றும். பிடிக்காமல் சமையலில் ஊற்றியதையும் சேர்த்து வகுத்த விலை அது.

இரண்டாவது பெட்டி எப்படி வந்தது

வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் பெட்டியை வாங்கும் பக்கத்தில், பணம் கட்டும் பொத்தானுக்குக் கீழே, ‘அடுத்த தேர்வு 12 வாரத்தில்’ என்று ஒரு வரி இருந்தது. நினைவூட்டும் மின்னஞ்சல் ஒரு வாரம் முன்னதாக வந்தது. விளம்பர மடல்கள் சேரும் பகுதியில் போய் விழுந்தது. இருவருக்கும் இரவுப் பணி. அட்டையில் பணம் பிடித்த செய்தி வந்த பிறகுதான் கவனித்தார்கள்.

இதில் அவர்கள் விட்ட ஒரு வாய்ப்பு உண்டு. பிரிட்டனில் தொலைவிலிருந்து வாங்கும் பொருளை, கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலேயே ரத்து செய்யலாம். 2013-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் தரும் உரிமை அது. திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவர் தலையில் விழலாம். ஆனால் பெட்டி பிரிக்காமல் இருந்திருந்தால் அனுப்புக் கட்டணமும் சேர்த்து 140 பவுண்டு திரும்பியிருக்கும். பெட்டி வந்த அன்றே அவர்கள் மூன்று பாட்டிலைத் திறந்துவிட்டார்கள்.

இப்படிச் செய்வது நல்லது: முதல் பெட்டி கைக்கு வந்த அன்றே கிளப்பின் கணக்குப் பக்கத்துக்குள் போய் அடுத்த பெட்டியின் தேதியைப் பார்த்து, ‘நிறுத்தி வை’ என்று கொடுத்துவிட வேண்டும். பிடித்திருந்தால் பிறகு நாமே கேட்டு வாங்கலாம். ரத்து செய்ய இணையத்தில் வழி இல்லை, போனில்தான் கூப்பிட வேண்டும் என்றால், கூப்பிட்ட கையோடு ஒரு மின்னஞ்சலும் போட்டு வைக்க வேண்டும். தேதிக்குச் சாட்சி அதுதான். அட்டை காலாவதியானால் தானாக நின்றுவிடும் என்று இருந்துவிடக் கூடாது. புதிய அட்டை எண் வங்கி வழியாகவே கிளப்புக்குப் போய்ச் சேர்வதுண்டு.

பெட்டியை வாங்கிக்கொள்ள 18 வயது கடந்த ஒருவர் வாசலில் இருக்க வேண்டும். இரவுப் பணி முடிந்து பகலில் உறங்குபவர்கள் வீட்டில் கூரியர்காரர் மணியடித்துவிட்டுப் போய்விடுவார். பெட்டி கிடங்குக்குத் திரும்பி இரண்டு மூன்று நாள் வேனில் சுற்றும். வேலையிடத்து முகவரியோ, பக்கத்துக் கடையின் பார்சல் மையமோ மேல்.

எவ்வளவு இடைவெளியில் பெட்டி வாங்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 12.5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டிலில் சுமார் 9.4 யூனிட் (10 மில்லி தூய ஆல்கஹால் ஒரு யூனிட்). வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல். மாதம் 12 பாட்டிலை இரண்டே பேர் குடித்தால் ஆளுக்கு வாரம் 13 யூனிட். எல்லையில் போய் நிற்கிறது. மாதப் பெட்டி என்பது இருவர் கொண்ட வீட்டுக்கு அளவுக்கு மீறியது. மூன்று மாதத்துக்கு ஒன்று போதும்.

பாட்டில் விலைக்குள் ஒயின் எவ்வளவு

மலிவு என்ற சொல் பிரிட்டனில் எங்கே முடிகிறது என்பதை வரி தீர்மானிக்கிறது. 2025 பிப்ரவரி முதல் அந்த ஆண்டு முழுக்க, சாதாரண ஒயினுக்கு, அதிலுள்ள தூய ஆல்கஹால் லிட்டருக்கு 29.54 பவுண்டு மதுத் தீர்வை இருந்தது. 12.5 விழுக்காடு பாட்டிலுக்கு 2.77 பவுண்டு, 14.5 விழுக்காடு என்றால் 3.21. இதன் மேல் விலையில் ஆறில் ஒரு பங்கு மதிப்புக் கூட்டு வரி.

6 பவுண்டு பாட்டிலில் வரி 1 பவுண்டு, தீர்வை 2.77. மிச்சம் 2.23. கண்ணாடி, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, கப்பல், லாரி, கிளப்பின் லாபம், திராட்சை விவசாயி எல்லாம் இந்த 2.23-க்குள் அடங்க வேண்டும். 9.25 பவுண்டு பாட்டிலில் இரண்டு வரியும் போக மிச்சம் 4.94. விலை ஒன்றரை மடங்குதான் ஏறியிருக்கிறது. ஒயினுக்குப் போகும் பணம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 9 முதல் 12 பவுண்டு வரைதான் கொடுத்த காசுக்கு ருசி மிக வேகமாகக் கூடும் இடம். 6 பவுண்டுக்கு நல்ல ஒயின் கிடைத்தால் கிளப் தன் கையிலிருந்து போட்டுத் தருகிறது என்று பொருள். அதை இரண்டாவது பெட்டியில் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு கிளப்பை மதிப்பிட வேண்டியது முழு விலைக்கு வரும் பெட்டியைக் கொண்டுதான்.

‘22 பவுண்டு ஒயின் 11 பவுண்டுக்கு’ என்பதைச் சோதிக்கவும் வழி உண்டு. பாட்டிலின் பெயரையும் ஆண்டையும் தேடிப் பார்க்க வேண்டும். வேறு ஐந்தாறு கடைகளில் கிடைத்தால் அங்குள்ள விலையே உண்மை விலை. உலகத்தில் அந்த ஒரு கிளப்பில் மட்டுமே கிடைக்கிறது என்றால் 22 என்பது அவர்களே எழுதிய எண். இந்தக் குடும்பத்தின் பெட்டிச் சந்தாவில் வந்த 24 பாட்டில்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட சொந்த லேபிள்கள்.

பின்லேபிளில் W என்று தொடங்கும் எண்ணும் ஒரு பிரிட்டன் அஞ்சல் குறியீடும் இருந்தால், ஒயின் கப்பலில் பெரிய பையாக வந்து பிரிட்டனில் பாட்டிலில் அடைக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். 24,000 லிட்டர் கொள்ளும் பை அது. 32,000 பாட்டிலுக்குச் சமம். இதில் குறை ஒன்றும் இல்லை, இந்த வருஷமே குடிக்கும் ஒயினுக்கு மிகச் சரியான முறை. ஆனால் அந்த பாட்டிலுக்கு 15 பவுண்டு கேட்டால் யோசிக்க வேண்டும். அதை வருஷக்கணக்கில் எடுத்து வைக்கவும் கூடாது.

வந்த அன்றே திறக்கத் தகுந்தது எது

இரண்டாவது பெட்டியில் ‘வேண்டாம்’ பெற்ற மூன்றில் ஒன்றுதான் கெட்டது. மற்ற இரண்டும் நல்ல ஒயின்கள், காலம் ஆகாதவை. தென்மேற்குப் பிரான்சின் மதிரான் ஒன்று, இளம் போர்தோ ஒன்று. பாதி பழுத்த வாழைக்காயைக் கடித்ததுபோல் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். அது டானின் என்னும் துவர்ப்பு. சில ஆண்டு போனால் அடங்கும். கெட்டியான இறைச்சியோடு குடித்தால் பாதி அடங்கும். பாட்டிலிலிருந்து வாய் அகன்ற கூஜாவில் ஊற்றி இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் கொஞ்சம் இறங்கும். ஆனால் வாங்கிய நோக்கம் அதுவல்லவே.

லேபிளைப் பார்த்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். வெள்ளையும் ரோஸும் என்றால் அறுவடை ஆண்டு ஒன்றிரண்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். விலை மலிவான வெள்ளை ஒயினில் பழைய ஆண்டு என்பது தேங்கிய சரக்கு. சிவப்பில் காமே, கார்னாச்சா என்ற கிரனாஷ், பார்பேரா, சிலி நாட்டு மெர்லோ போன்ற திராட்சை வகைகள் இளமையிலேயே இணங்கிவரும். நெபியோலோ, தனாட், இளம் கபெர்னே இணங்காது. ஸ்பெயினின் ரியோகா சிவப்பில் இன்னும் எளிது, ஒயின் ஆலையே காத்திருந்து அனுப்புகிறது: ‘கிரியான்ஸா’ என்றால் குறைந்தது 2 ஆண்டு, அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில், ‘ரிசர்வா’ என்றால் 3 ஆண்டு, ‘கிரான் ரிசர்வா’ 5 ஆண்டு. திறந்ததும் குடிக்க ஒரு சிவப்பு வேண்டும் என்று கேட்பவருக்கு முதலில் சொல்லத் தகுந்தது கிரியான்ஸாதான். குடும்பத்தின் நோட்டிலும் சிவப்புகளில் ‘மறுபடி வாங்கலாம்’ அதிகம் பெற்றது அது.

கெட்ட பாட்டிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் திரும்புவது அதைச் சரியாக அடையாளம் காண்பதில் இருக்கிறது. நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி, மழைக்கால அலமாரிக்குள் பழைய செய்தித்தாள், இந்த வாடை வந்து பழவாசனை இல்லாமல் போயிருந்தால் அது கார்க் கெடுத்த ஒயின். டி.சி.ஏ. என்ற சேர்மம் காரணம். உடம்புக்குக் கெடுதல் இல்லை; காற்றாட விட்டாலும் சரியாகாது. வெள்ளை ஒயின் பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிள் வாடை வீசினால் காற்றுப் புகுந்துவிட்டது. நகப்பாலிஷ் வாடை என்றால் வினிகர்ப் பக்கம் போய்விட்டது. தீக்குச்சி உரசிய வாடையோ லேசான அழுகல் முட்டை வாடையோ வந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம்; கூஜாவில் ஊற்றிக் குலுக்கி இருபது நிமிடம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். கெட்டது உறுதி என்றால் ஊற்றிவிடாமல், ஒரு கிளாசுக்கு மேல் எடுக்காமல், அதே கார்க்கால் மூடி, லேபிளையும் கார்க்கையும் படம் எடுத்து அன்றைக்கே எழுத வேண்டும். இந்தக் குடும்பம் அப்படித்தான் செய்தது. கேள்வி ஏதும் இல்லாமல் 11 பவுண்டு வந்தது.

கூட்டுறவுப் பெட்டியில் வந்த ஒரு வெள்ளை ஒயினின் அடியில் கண்ணாடித் தூள்போல் பளபளத்த துகள்களைப் பார்த்து மருமகன் முழு பாட்டிலையும் ஒதுக்கி வைத்தார். அது கண்ணாடி இல்லை. திராட்சையின் டார்டாரிக் அமிலத்தின் உப்பு குளிரில் படிகமானது. நம் வீட்டுக் குழம்புப் புளியைப் புளிக்க வைப்பதும் அதே அமிலம்தான். விரலால் எடுத்து நசுக்கினால் கற்கண்டுத் தூள்போல் நொறுங்கும், நாக்கில் வைத்தால் புளிக்கும். பாட்டிலை நேராக நிறுத்தி மெல்ல ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும்.

ஊருக்கு வந்த நான்கு

இந்தியச் சுங்க விதிப்படி வரியில்லாமல் ஒரு பயணி கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது வைத்தால் 2.25, எல்லை தாண்டிவிடும். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து 4 லிட்டர்தானே, ஐந்து பாட்டில் வைக்கலாமே என்று கணக்குப் போடுவார்கள். கூடாது. ஒருவர் சலுகையை மற்றவரோடு சேர்த்துக் கணக்கிட விதி இடம் தருவதில்லை. ஆளுக்கு இரண்டு, மொத்தம் நான்கு. பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள் என்பதால் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். நிரம்பிய பாட்டில் ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வரும். அடி தடித்த கனமான பாட்டிலைத் தவிர்த்தால் நான்கு பாட்டிலில் ஒரு கிலோ மிச்சமாகும்.

கட்டும் முறை: முதலில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, அதன் மேல் ஒரு பழைய சாரம் (லுங்கி) நாலைந்து சுற்று, கழுத்துக்குத் தனியே ஒரு காலுறை. பெட்டியின் நடுவில், நான்கு பக்கமும் துணி நான்கு விரல் கனம் இருக்கும்படி. ஒரு பாட்டில் இன்னொன்றைத் தொடக் கூடாது. உடைவது பெரும்பாலும் கண்ணாடியும் கண்ணாடியும் மோதித்தான். பில்லும் போர்டிங் பாஸும் கைப்பையில் இருக்கட்டும். திருவனந்தபுரத்தில் இறங்கிக் களியக்காவிளை தாண்டி வரும்போது கேட்டால் காட்ட உதவும்.

தவறு நடந்தது கடைசி 40 கிலோமீட்டரில். இரண்டு பெட்டிகளையும் காரின் மேல் கேரியரில் கட்டினார்கள். வழியில் உறவினர் வீட்டில் சாப்பாடு. கார் நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றது. சூடேறினால் ஒயின் விரியும், கார்க்குக்குக் கீழே உள்ள சிறு காற்றிடம் சுருங்கி அழுத்தம் ஏறும். வீட்டில் பிரித்தபோது கார்க் போட்டிருந்த ஒரே பாட்டிலான கோத் து ரோன் என்ற பிரெஞ்சுச் சிவப்பில் கார்க் ஒரு நெல்மணி அளவு மேலே துருத்தி நின்றது; கழுத்தோரம் பிசுபிசுப்பாக ஒரு கோடு. அன்றைக்கே திறந்திருந்தால் தப்பியிருக்கும். காற்றுப் புகுந்தபின் நான்கு நாள் கழித்துத் திறந்ததில், செர்ரிப் பழவாசனை போய், காய்ச்சிய ஜாமின் வாசனை வந்திருந்தது. திருகு மூடி போட்ட மற்ற மூன்றும் அதே பெட்டிகளில் அதே வெயிலில் வந்தவைதான்; திறந்தபோது குறை தெரியவில்லை. குமரிக்குக் கொண்டுவரும் பாட்டில் திருகு மூடியாக இருக்க வேண்டும், பெட்டி ஏ.சி. ஓடும் காருக்குள் இருக்க வேண்டும்.

வைப்பது ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில். ஒயினுக்கு உகந்தது 12 முதல் 15 டிகிரி. நம் ஊர் அலமாரி டிசம்பரிலும் 28, 30 டிகிரி. பரணில் வைத்தால் இன்னும் மோசம்.

மேசையில்

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாறவும் என்று லேபிளில் இருந்தால், அந்த அறை இங்கிலாந்து அறை: 16 முதல் 18 டிகிரி. மார்த்தாண்டத்து அறை அல்ல. 30 டிகிரியில் ஊற்றினால் மூக்கில் ஏறுவது ஆல்கஹால் மட்டுமே. ஐஸும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளியில் பாட்டிலைக் கழுத்து வரை முக்கிக் கால் மணி நேரம் வைத்தால் சிவப்பு சரியான குளிர்ச்சிக்கு வரும். வெறும் ஐஸ்கட்டி போதாது. தண்ணீர்தான் கண்ணாடியைச் சுற்றிலும் தொட்டுச் சூட்டை இழுக்கும். வெள்ளைக்கு அரை மணி நேரம்.

அம்மா முதலில் குடித்தது வீன்யோ வெர்டே என்ற போர்ச்சுகல் வெள்ளை. ஒரு மிடறு, முகம் சுளித்தது. “மக்ளே, இது புளிச்சுப் போச்சு.”

“இல்லம்மா, இதுல சீனி போடல்ல.”

இது முக்கியமான இடம். குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒயின் என்றால் நாக்கு எதிர்பார்ப்பது பன்னீர்த் திராட்சையும் சீனியும் பட்டை கிராம்பும் போட்டுப் பரணியில் ஊறியதன் ருசி. வீட்டில் அப்படிப் போடுவதற்கும் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பது தனி. அந்த இனிப்புக்குப் பழகிய நாக்குக்குச் சீனியே இல்லாத ஒயின் கெட்டுப்போனதாகவே படும். ஒயினிலும் குறையில்லை, நாக்கிலும் குறையில்லை. பெற்றோருக்கு என்று தேர்ந்தெடுக்கும்போது லேபிளில் ‘டிரை’ (இனிப்பில்லாதது) என்றிருப்பதை விட்டு ‘ஆஃப் டிரை’, ‘மீடியம்’ (லேசாக இனிப்பவை) என்றிருப்பதை எடுக்க வேண்டும், அவ்வளவே. அதே வீன்யோ வெர்டே, நெத்திலிப் பொரிப்பு வந்த பிறகு அம்மாவுக்கும் ஏற்றது. எண்ணெயையும் உப்பையும் புளிப்பு வெட்டும், எலுமிச்சை பிழிந்ததுபோல.

மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வந்தபோது ரீஸ்லிங் என்ற ஜெர்மன் வெள்ளை. 10.5 விழுக்காடு, லேசான இனிப்பு. தேங்காய் அரைத்து, கொடம்புளி போட்டு, மிளகாய் தூக்கலாக வைக்கும் குழம்புக்கு இதைவிடப் பொருத்தம் அமைவது கடினம். மிளகாயின் எரிவை ஆல்கஹாலும் துவர்ப்பும் பெருக்கும், இனிப்பு அடக்கும். குழம்பில் உள்ள புளிப்புக்கு ஈடாக ஒயினில் புளிப்பு இல்லாவிட்டால் ஒயின் தண்ணீர்போல் சப்பென்று ஆகும். ரீஸ்லிங்கில் புளிப்பு நிறைய. சிவப்பை மீனோடு வைத்தால் வாயில் ஒரு கவிச்சி தங்குமே, அதற்குக் காரணம் ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நெய்மீன் குழம்போடு சிவப்பு வேண்டாம் என்பதற்கு அது போதும்.

சூடுபட்ட கோத் து ரோனைத் தேங்காய்ச் சில்லு போட்ட மாட்டிறைச்சி வறுவலோடு குடித்து முடித்தார்கள். 14 விழுக்காடு, மிளகோடு சேர்ந்து தொண்டையைச் சுட்டது. வறுவலுக்கு 13-க்குள் உள்ள கிரியான்ஸாவோ, பொஜோலே என்ற பிரெஞ்சுச் சிவப்போ நன்றாகக் குளிர்வித்துக் கொடுத்தால் இந்தத் தொல்லை இருக்காது.

கடைசியாக முந்திரிக்கொத்தும் பழக்கேக்கும். ஒயின் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். அதற்காகவே கொண்டுவந்தது மொஸ்கதெல் தெ வலென்சியா: ஸ்பெயினின் மலிவான இனிப்பு ஒயின், 15 விழுக்காடு, திருகு மூடி. ஒரு சின்ன டீ கிளாசில் கால் பங்கு ஊற்றி, பயறும் கருப்பட்டியும் மணக்கும் முந்திரிக்கொத்தைக் கடித்த வாயோடு குடித்தார் அம்மா. பிறகு மகளிடம் கிளாசை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். திறந்த பிறகும் இது ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். மற்ற ஒயின்களுக்கு மூன்று நாள்தான்.

பெட்டிச் சந்தாவை ஜனவரி முதல் வாரத்தில் எழுத்து மூலம் ரத்து செய்தார்கள். சேமிப்புக் கணக்கில் மிச்சம் ஒன்றும் இல்லாததால் அதுவும் முடிந்தது. கூட்டுறவுப் பங்கு அப்படியே இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த டிசம்பருக்கான பட்டியலை மகள் எழுதியிருக்கிறார்: ரீஸ்லிங் ஒன்று, மொஸ்கதெல் இரண்டு, திருகு மூடி போட்ட பொஜோலே ஒன்று. கீழே அடிக்கோடிட்டு, ‘மேல் கேரியர் வேண்டாம்’.